வெறும் கொக்கி

ஷிஜியின் தலை சுவரில் மோதியபோது குழந்தை இன்னும் துணித்தூளியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கன்வாடியின் உத்திரத்தில் மாட்டியிருந்த சுருள்வில் தராசு மெல்ல ஆடியது. வட்ட முகப்பில் முள் ஆறு கிலோ இருநூறில் நின்றது. போன மாதம் லேகா டீச்சர் அட்டையில் எழுதியது ஆறு எழுநூறு.

"அரைக் கிலோ எங்கடீ போச்சு?" சஜன் மனைவியின் முடியைக் கையில் சுற்றியிருந்தான். "எம் பிள்ளைய பட்டினி போட்டுட்டு போனுல கத பேசிட்டு கெடந்தியா?"

"கர்த்தரு சத்தியமா பாலு குடுத்தேன்..." ஷிஜியின் பற்களில் ரத்தம் படிந்திருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் குழந்தைகளை அணைத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள்.

அந்த அரைக் கிலோ எங்கே போனதென்று லேகாவுக்குத் தெரியும். போன மாத எடைநாளன்று விடியலில் சஜன் வந்து மரச்சீனிக் கிழங்கு மூட்டை நிறுக்கத் தராசைக் கேட்டான். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் தாங்காது என்று சொல்ல வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். இழுபட்ட சுருள் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. வெறும் கொக்கிக்கே முள் எண்ணூறு கிராம் காட்டுவதை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தாள். தராசின் திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். அந்த எண்ணூறும் சேர்ந்து ஏறிப்போன அட்டைகளைத் திருத்தவில்லை. திருத்தினால் மேலே கேட்பார்கள். சஜனின் பெயரைச் சொல்ல வேண்டிவரும். இன்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றிருந்தாள். முதல் குழந்தையே ஷிஜியுடையதாக வந்தது.

"சஜா, அவள விடு. தப்பு எனக்கதாக்கும்."

"என்ன பொட்டனாக்கி ஏமாத்தாதீங்க டீச்சரே."

லேகா குழந்தையை இறக்கினாள். திருகைத் திருப்பி வெறும் முள்ளை எண்ணூறில் நிறுத்தினாள். மறுபடி குழந்தையைத் தொங்கவிட்டாள். ஏழு.

"போன மாசம் வெறும் கொக்கிக்கே முள்ளு இப்பிடி எண்ணூறுலதான் நின்னுது. அண்ணைக்கு ஆறு எழுநூறு, இண்ணைக்கு ஏழு. பிள்ள முந்நூறு கூடியிருக்கு. கெழங்கு மூட்டைய இதுல மாட்டுனது ஆரு?"

வாசலில் நின்ற பெண்கள் சஜனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெழங்குக்க பாரத்த பெண்டாட்டிக்க தலையில எறக்கிட்டான்" என்றாள் வாசலில் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள்.

சஜன் முடியை விட்டான். லேகா குழந்தையைத் தூளியோடு பறித்தெடுக்கவும் அவன் இரு கைகளாலும் கொக்கியைப் பற்றி முழு உடம்போடு தொங்கவும் சரியாக இருந்தது. முள் வட்டமடித்து ஓடி முட்டியது. உள்ளே இரும்பு கிறீச்சிட்டது. பிறகு கையை உதறினான்.

"வீட்டுக்கு வா" என்றான் மனைவியிடம். திரும்பிப் பார்க்காமல் செங்கல் ரோட்டில் இறங்கி நடந்தான்.

லேகா நீட்டிய குழந்தையை ஷிஜி வாங்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி தராசையே பார்த்திருந்தாள். கொக்கியில் ஒன்றுமில்லை. முள் நான்கு கிலோவில் நடுங்கிக்கொண்டு நின்றது.