இருபது நகம்

திண்டுக்கல் மலைக்கோட்டையையே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளலாம் என்னும் அளவுக்குப் பெரிய பூட்டெல்லாம் பேச்சிமுத்துவின் கடையில் தொங்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் பயந்தார். அவர் மனைவி மலர்விழி போன பொங்கலன்று சொன்ன சொல் அது.

"இனி ஒரு தடவ பல்லு பட்டுச்சுன்னா, கடிச்ச நாய் இந்த வீட்டுல இருக்கப்படாது. வேடசந்தூர்ல எங்கண்ணன் தோட்டத்துக்கு ஏத்தி விட்ருவேன்."

காரணம் செம்பி. பேச்சிமுத்து தன் தட்டிலிருந்தே சோறு ஊட்டி வளர்த்த பொட்டை நாய். பொங்கலுக்கு வந்த கொழுந்தியாள் தன்னுடைய வெள்ளைப் பொட்டையையும் கூட்டி வந்தாள். அது கோலத்தைத் தாண்டி ஒரு கால் வைத்ததுதான் தாமதம், செம்பி பாய்ந்துவிட்டது. தையல் போட்ட டாக்டருக்கு நூல் தீர்ந்து, பாதியில் டெய்லர் கடைக்கு ஆள் ஓடியதாகத் தெருவில் இன்னும் பேச்சு. நாய் பிழைத்துக்கொண்டது. கொழுந்தியாள் உறவு பிழைக்கவில்லை.

இப்போது மாடியில் குடியிருக்கும் மகள் தேவதர்ஷினிக்கு ஒரு நாய் வேண்டுமாம். புருஷன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை, துணைக்கு ஆகும் என்றாள். பேச்சிமுத்து அதே டாக்டரிடம் ஓடினார்.

"வாங்குங்க. ஆனா ஆண் குட்டியா, கடுவனா வாங்குங்க" என்றார் டாக்டர். "கடுவன்னா செம்பி விட்டுக்குடுத்துப் போகும். ரெண்டு கடுவன் சண்ட போட்டாக்கூட ஒருத்தன் பணிஞ்சுருவான். ரெண்டு பொட்டை மொறைச்சுக்கிட்டா, ஒண்ணு சாயுற வரைக்கும் விடாது."

அன்றிலிருந்து பேச்சிமுத்துவுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. இறங்காததையெல்லாம் செம்பி தின்று இன்னும் பலமாயிற்று.

தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் சடையாண்டியின் தோட்டத்தில் குட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு, கூட்டாளி ஞானதாஸின் மொபெட்டில் கிளம்பினார். நாய் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஜில்லாவில் ஆளில்லை என்பது ஞானதாஸின் எண்ணம். மிச்சமிருந்த ஒரே குட்டியை அவர் பிடரியைப் பிடித்துத் தூக்கினார். அது கத்தவில்லை. வாயைப் பிளந்து பார்த்தார். அண்ணம் கறுப்பு, நல்ல நாய்க்கு அடையாளம். பின்னங்காலைத் தடவியவர் அப்படியே சிலையாகி நின்றுவிட்டார்.

"மாப்ள, நகத்த எண்ணு."

சாதாரண நாய்க்கு நகம் பதினெட்டு. பின்னங்காலிலும் கட்டைவிரல் முளைத்து இருபது இருந்தால் அந்த நாய் எமனையே வாசலில் நிறுத்தி ஊர் பேர் விசாரிக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பேச்சிமுத்து எண்ணினார். இருபது. நம்பாமல் ஞானதாஸ் எண்ணினார். களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வந்து எண்ணினார்கள். விட்டால் வாய்க்காலில் தண்ணீரே செத்த நேரம் நின்று எண்ணிவிட்டுப் போயிருக்கும். குட்டியைப் படம் பிடித்து அங்கிருந்தே தேவதர்ஷினிக்கு அனுப்பினார் ஞானதாஸ்.

பாதி வழியில் பேச்சிமுத்துவின் மடி நனைந்தது. துடைப்பதற்காகக் குட்டியைத் தூக்கிப் பிடித்தவர் ஞானதாஸின் முதுகில் தட்டினார்.

"ஞானதாசு, வண்டிய நிறுத்து."

"என்ன மாப்ள, ஒண்ணுக்குப் போயிருச்சா?"

"போயிருச்சு. போன எடத்தப் பாரு."

ஞானதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அது பொட்டைதான்.

"நீ பாக்கலையா மாப்ள?"

"நீ பாத்துருப்பேன்னு இருந்தேன்."

"நான் நகத்தப் பாத்தேன்யா."

"நானும் நகத்தத்தான்யா பாத்தேன்."

சடையாண்டிக்குப் போன் போட்டார்கள். "கடுவனெல்லாம் மொதல்லயே போயிருச்சுங்கய்யா. நீங்க கடுவன்னு ஒரு வார்த்த கேக்கலையே. நகம், நகம்னுல்ல கெடந்தீக."

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சிமுத்து முனகும்போதே மகளிடமிருந்து போன். ஆரத்தி கரைத்துவிட்டாளாம், எங்கே வருகிறீர்கள் என்றாள்.

"மலரக்காகிட்ட கடுவன்னே சொல்லு, வீரன்னு பேரு வையி" என்றார் ஞானதாஸ். "நான் முன்னாடி போயி செம்பிய ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டுறேன்."

"மலரு நம்பிருவா. செம்பி நம்புமாடா?"

பேச்சிமுத்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது செம்பி ஸ்டோர் ரூமுக்குள் இருந்தது. கதவில் கடையிலேயே பெரிய பூட்டு. கதவுக்குப் பின்னால் கிணற்று மோட்டார் ஓடுவது போல ஓர் உறுமல். குட்டியின் வாடை அதற்குத் தட்டிவிட்டது. பேச்சிமுத்துவின் கண்ணுக்கு வேடசந்தூர் போகும் மினி லாரியும், அதன் பின்பக்கத்தில் செம்பியின் முகமும் தெரிந்தன.

"கடுவன்தான?" என்றாள் மலர்விழி.

"கடுவன்தான்" என்றார். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

ஆரத்தி சுற்றி மகள் குட்டியைக் கீழே விட்டாள். அது ஒருவரையும் பார்க்கவில்லை. உறுமல் வந்த திசையில் நேராக ஓடி, கதவுக்கடியிலிருந்த இடுக்கில் தலையை நுழைத்து, உடம்பையும் நெளித்து உள்ளே போய்விட்டது.

உறுமல் நின்றது.

பேச்சிமுத்து இருட்டில் தடவியே சாவி சொல்லக்கூடியவர். அன்றைக்குக் கொத்திலிருந்த சாவியெல்லாம் ஒன்று போலவே இருந்தது. முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது திரும்பவில்லை. உள்ளே ஒரு டின் உருண்டது. பிறகு ஓர் அலறல். அவர் பிறந்ததிலிருந்து கேட்காத அலறல். அப்புறம் ஒன்றுமே இல்லை.

"யப்பா, தொறங்கப்பா" என்று தேவதர்ஷினி அழுதாள். ஞானதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். பேச்சிமுத்து மூன்றாவது சாவியை நுழைத்தார்.

பூட்டு விழுந்தது. கதவு திறந்தது.

தெருவையே கட்டி ஆண்ட செம்பி, அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. அதன் வலது காதில், காய்ந்த புடலங்காய் போலக் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. செம்பியின் காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அரிசி மூட்டையில் விழுந்தது.

மலர்விழி குட்டியின் பிடரியைப் பிடித்தாள். நான்கு தடவை இழுத்தபின்தான் அது வாயைத் திறந்தது. தூக்கிப் பிடித்து அடியில் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"வீரனா இது?"

ஞானதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"கடிச்ச நாய் இருக்கப்படாதுன்னீங்களேம்மா" என்று தேவதர்ஷினி விசும்பினாள். "குட்டிதானம்மா அது."

"செம்பி எங்கயும் போக வேணாம்" என்றாள் மலர்விழி. "இவ மாடிய விட்டு எறங்கப்படாது. படிக்கட்டுக்கு இரும்புக் கேட்டு போடுங்க. உங்க கடையில பூட்டுக்கா பஞ்சம்?"

கேட்டும் வந்தது, பூட்டும் வந்தது. குட்டி வளர்ந்தது. இப்போது பேச்சிமுத்து மத்தியானம் சாப்பிட வந்தால், தொட்டுக்க வைத்த வெஞ்சனத்தைத் தொடும் முன் செம்பி அவர் நாற்காலிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் வாசல்படியில்தான் படுக்கும்.

நேற்று அவர் ஒரு வாய் சோறு வைத்ததும் மாடிப்படியில் ஒரு சத்தம். டிக், டிக், டிக். சிமெண்டில் நகம் படும் சத்தம். ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. நாற்காலிக்கடியில் செம்பி மூச்சைப் பிடித்தது. பேச்சிமுத்து மெல்லாமலே உட்கார்ந்திருந்தார். கேட்டைக் காலையில் அவர்தான் பூட்டினார். பூட்டினாரா? சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், திறந்த வாயோடு பூட்டு கிடந்தது.