பெயர் இங்கே வரும்

அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவை வீட்டுச் சாவியால் கிழித்து, உள்ளே இருந்த கட்டுகளில் ஒன்றைப் பிரித்து, முதல் அட்டையை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பார்த்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். தம்பியின் படம் நன்றாக விழுந்திருந்தது. சுற்றிலும் மெல்லிய சாம்பல் கோடு. படத்துக்குக் கீழே, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்த எழுத்தில், 'பெயர் இங்கே வரும்' என்று அச்சாகியிருந்தது. அதற்கும் கீழே, சற்றுப் பொடி எழுத்தில், 'முதல் வரி இங்கே. இரண்டாம் வரி இங்கே.'

அடுத்த அட்டையை எடுத்தாள். பெட்டியின் அடிவரை கைவிட்டு இன்னொன்றை உருவினாள். இருநூறும் அதே அச்சு. மணி பத்து. பதினொன்றுக்கு எல்லோரும் வந்து தம்பியை வழியனுப்புவார்கள். ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு.

மண்டபத்தின் அந்தக் கோடியில், இன்னும் மூடாத பெட்டிக்குள் தம்பி படுத்திருந்தான். வயது நாற்பத்து நான்கு. செவ்வாய்க்கிழமை நெஞ்சைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன், புதன்கிழமை விடியும்போது இல்லை. இன்றைக்குச் சனி.

அவனுடைய டிசைன் அலுவலகத்து ஆட்கள் காலையிலேயே வந்து மண்டபத்தைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்க அவன் செய்த போஸ்டர்கள். இன்னொன்றில் ரொட்டிக் கடை, கண்ணாடிக் கடை, பால் கம்பெனி என்று அவன் வரைந்த லோகோக்கள். மூன்றாவதில் அவன் சித்திரம் தீட்டிய பன்னிரண்டு ஸ்கேட்போர்டுகள், சக்கரம் வெளிப்பக்கமாக, சுவரோடு சுவராக. அம்மா அவற்றின் கீழே நாற்காலி போட்டு உட்கார மறுத்துவிட்டாள்.

"இதோட அடியிலயா வரைவான்? மேல நிக்கறவனுக்கே தெரியாதே" என்று கேட்டாள்.

அக்கா முன்பு இதையே அவனிடம் கேட்டிருக்கிறாள். விழும்போது பார்ப்பார்கள் என்று சொன்னான். அவள் சிரித்தாளா, பேச்சை மாற்றினாளா என்பது இப்போது நினைவில்லை.

அலுவலகத்தில் தம்பியின் கூட்டாளி அவளை நோக்கி வந்தார். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் இழவு வீட்டுக்குப் புறப்பட்டவர்போலக் கறுப்பு உடுத்துகிற மனிதர். இன்றைக்கு மட்டும் தும்பைப்பூ வெள்ளை. வயதில் மூத்தவர்தான், என்றாலும் தம்பி கூப்பிடுவதைக் கேட்டுப் பழகி அவரும் அவளை அக்கா என்றே அழைத்தார். அவர் பின்னால் எழுத்துக்காரி வந்தாள். எழுத்துகளுக்கு உருவம் கொடுப்பது மட்டுமே அவள் வேலை. நாற்பது விதமான எழுத்து அவள் கையில் பிறந்தது என்று தம்பி பெருமையாகச் சொல்லுவான்.

அக்கா அட்டையை நீட்டினாள். கூட்டாளி அதை வாங்கி, சற்று எட்டத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார்.

"கறுப்பு நல்லா உட்கார்ந்திருக்கு" என்றார்.

"படிங்க."

அவர் படித்தார். அவருடைய உதடுகூட அசைந்தது. எழுத்துக்காரி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடந்தது இதுதான் என்று துண்டு துண்டாக வெளியே வந்தது. புதன்கிழமை மதியமே, வாசகம் வரும்வரை இடம் பிடிக்க மாதிரி வரிகளைப் போட்டு, அட்டையைத் தொடங்கிவிட்டார்கள். காகிதம் முட்டையோட்டு நிறமா எலும்பு நிறமா என்று ஒரு நாள் போயிற்று. எலும்பு வேண்டாம் என்று கடைசியில் யாருக்கோ உறைத்திருக்கிறது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடிவிட்டது என்று இன்னொரு நாள். எழுத்துக்காரி அழுதுகொண்டே ஏழு முறை திருத்தினாள். கூட்டாளி சுவரில் ஒட்டிவைத்து, பத்தடி தள்ளி நின்று பார்த்தார். நான்கு பேர் பார்த்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

"நாங்க எழுத்தோட வடிவத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்க்கா" என்றாள் எழுத்துக்காரி.

கூட்டாளி தொண்டையைச் செருமினார். "உங்களுக்கும் அனுப்பினோம். நீங்க சரின்னு பதில் போட்டிருந்தீங்க."

போட்டிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் போனில் அந்தப் படம் வந்தது. அவனுடைய முகம் தெரிந்தது. அதற்குக் கீழே கண் போகவில்லை. இருபத்தைந்து வருஷமாக மருந்துக் கடை வைத்திருப்பவள், பெட்டிமேல் உள்ள பெயரை இரண்டு தடவை வாசிக்காமல் ஒரு தலைவலி மாத்திரைகூடக் கொடுக்காதவள், 'சரி' என்று தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அது மட்டுமா. அந்த இரண்டு வரிகளை அவள்தான் எழுதித் தருவதாக இருந்தது. கூட்டாளி மூன்று முறை கேட்டார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள். 'அன்பான தம்பி.' 'சிறந்த கலைஞன்.' எந்தப் பெட்டியில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் வார்த்தைகள், அடித்துவிட்டாள். அவனுடைய தொழிலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கடைக்கு ஒரு லோகோ வரைந்து கொண்டுவந்தான் ஒருமுறை. மூன்றே கோடு. இதற்கா ஒரு மாதம் என்று கேட்டு, பெயர்ப்பலகைக் கடைக்காரன் புத்தகத்திலிருந்து ஒன்றைப் பொறுக்கி மாட்டிக்கொண்டாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மாதம் தவறாமல் அம்மாவின் மாத்திரைக்காக அந்தப் பலகைக்கு அடியில் வந்து நின்றான். இந்த மூன்று நாளாக அவளை அரித்ததெல்லாம் ஒன்றுதான்: கூடப் பிறந்தவனைப் பற்றிச் சொல்ல இரண்டு வரிகூடத் தன்னிடம் இல்லாமல் போய்விட்டதோ.

அச்சகத்துக்குப் போன் போட்டார்கள். சாயங்காலம் ஆகும் என்றார்கள். கூட்டாளி ஜன்னலோரமாக இரண்டு நடை நடந்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. வாடிக்கையாளருக்கு முன்னால் வருகிற வெளிச்சம்.

"ஒரு விதத்துல பார்த்தா, இதை இப்படியே விட்டுடலாம். வெற்றிடம்தான் அவரோட மொழி. பேர் இருக்க வேண்டிய இடத்துல பேர் இல்லை. பார்க்கிறவங்களை ஒரு கேள்வியோட வீட்டுக்கு அனுப்பறோம்."

எழுத்துக்காரி தரையைப் பார்த்தாள்.

"அவனுக்குப் பேர் இருக்கு" என்றாள் அக்கா.

அவள் குரலை உயர்த்தவில்லை. கூட்டாளியின் முகத்தில் வெளிச்சம் அணைந்தது. அதன்பின் அங்கே நின்றது, தூங்காத கண்ணோடு ஐம்பது வயது மனிதர் ஒருவர். பதினாறு வருஷம் எதிர் மேசையில் உட்கார்ந்தவனை இழந்தவர். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, நாற்காலி கொண்டுவரப் போனார்.

வாசலருகே வெள்ளை விரிப்புப் போட்ட மேசை இருந்தது. அக்கா அங்கே உட்கார்ந்தாள். மருந்துக் கடையில் தப்பாக எழுதிவிட்டால் அதை மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு, அடியில் உள்ளது தெரியும்படி, மேலே சரியானது, பக்கத்தில் திருத்தியவரின் கையெழுத்து. 'பெயர் இங்கே வரும்' என்பதன் குறுக்கே கோடு இழுத்தாள். மேலே தம்பியின் பெயரை எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக்காரியின் ஏழு திருத்தங்களும் ஒரே கோட்டில் போயின. எழுத்துக்காரி இடம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதிக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாற்பது எழுத்துக்குத் தாயான அந்தப் பெண்ணின் சொந்தக் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தது. இருவரும் அதைக் கவனித்தார்கள்.

முதல் பத்து அட்டைகளில் பெயர் மட்டும். பதினோராவதில், இரண்டு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில், பேனா தானாகவே நின்றது. பிறகு எழுதியது: 'பசித்தால் சொல்லமாட்டான். கேட்டால் சாப்பிடுவான்.'

அடுத்ததில் வேறு வந்தது. 'துவைத்த சட்டைப் பையிலும் பென்சில் இருக்கும். மற்ற துணியெல்லாம் கோடாகும்.' அதற்கடுத்ததில்: 'அம்மாவின் மாத்திரையை மறந்ததே இல்லை. என் கடைப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.' அதை எழுதிவிட்டு, மை காயும்வரை சற்று நேரம் கையை எடுக்காமல் இருந்தாள். பிறகு அடுத்த அட்டை.

பதினொன்று ஆவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அட்டைகள் முடிந்தபாடில்லை. மேசைக்கு முன்னால் வரிசை பிடித்தது. முறைப்படி கூட்டாளி பேச வேண்டிய நேரம். அவர் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார். அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ரொட்டிக் கடைக்காரர் தன் முறை வந்தபோது, தாம் சொல்வதை எழுத முடியுமா என்று தயங்கிக் கேட்டார். தம்பி ஒரு வாரம் தினமும் காலையில் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா நின்றானாம். பிறகுதான் லோகோ வரைந்தானாம். அக்கா எழுதினாள். முழங்கையில் பழைய தழும்பு உள்ள ஒரு பெண், தன் ஸ்கேட்போர்டு இரண்டாக உடைந்தபோது அவன் உடைந்த இடத்தையே மலையாக வரைந்து சேர்த்து, வீட்டில் மாட்ட ஏதுவாகக் கொடுத்தான் என்றாள். அதையும் எழுதினாள். சுரங்கப்பாதையைப் பெருக்குகிறவர் ஒருவர் வந்திருந்தார். அங்கே அவன் சுவர் ஓவியம் தீட்டிய இருபது நாளும், ஏணியை விட்டு இறங்கியதும் சிந்திய வண்ணத்தை அவனே துடைத்துவிட்டுத்தான் போவானாம். அவ்வளவுதான் தெரியும் என்றார் அவர். அவளுக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வரியில் அடங்காமல் ஓரமாக ஏறி எழுதினாள்.

வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒருவரும் அவசரப்படவில்லை. விரல்களில் மை ஏறி, மணிக்கட்டு வலித்து, அடுத்த அட்டையை இழுத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது எதிரே அம்மா நின்றாள். முன்னால் வரும்படி யாரோ சொல்லியும் வரிசையிலேயே நின்று வந்திருந்தாள்.

"உனக்கு என்னம்மா எழுத?"

அம்மா யோசித்தாள்.

"வரியெல்லாம் வேணாம். பேர் மட்டும் போதும்" என்றாள். "பெருசா எழுது. கண்ணாடியை வீட்டுலயே வெச்சிட்டேன்."

அக்கா அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். முதல் எழுத்தே கால்வாசியை அடைத்துக்கொண்டது. குழந்தைக்குப் பலகையில் எழுதிக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினாள். அம்மா குனிந்து பேனாவின் கூடவே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி எழுத்தின் கோடு அட்டையில் இடம் போதாமல் விளிம்பைத் தாண்டி மேசைவிரிப்பில் போய் முடிந்தது.

அம்மா அட்டையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். விரிப்பில் மிச்சமிருந்த கோட்டின்மேல் தெரியாமல் கை வைத்துவிடாதபடி, அக்கா அடுத்த அட்டையைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.