இருமல் இல்லாதவர்களின் மருந்து

'12 ஆகஸ்ட் 2003, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. கிருபாவதி ஆன்ட்டி கேட்டதற்கு முழுப் பதில் சொல்லவில்லை.'

எழுதிவிட்டு 'சிறு' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள் ரெனிட்டா. மாலைக் கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார் இன்னும் வரவில்லை.

அவள் வேலை பார்ப்பது புனே பக்கம் நிக்டியில் ஒரு மருந்துக் கடையில். மதியம் ஆன்ட்டி அங்கே வந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு காலிப் புட்டியை எடுத்து வைத்தாள்.

"ஏட்டி ரெனிட்டா, இது என்ன மருந்து? ஆஸ்டின் பீரோவுக்குப் பின்னால நெறைய கெடக்கு. அவனுக்கு இருமலே கெடையாதேட்டி."

"சளி மருந்துதான் ஆன்ட்டி."

"அப்பாடா. பகல்லயும் தூங்கி விழுதாம்லா, நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

மகன் ஆஸ்டினின் நெஞ்சில் தேய்க்க ஒரு தைலமும் வாங்கிக்கொண்டு, நிம்மதியாகப் போனாள்.

அளவு மீறிக் குடித்தால் போதை தரும் மருந்து அது. டாக்டர் சீட்டில்லாமல் தரக்கூடாது என்று புட்டியிலேயே அச்சடித்திருந்தது. ஆஸ்டின் சீட்டோடு வந்ததே இல்லை. "சர்ச் கொயர்ல பாடணும்ல ரெனி, தொண்டைக்கு. நான் சுருதி தப்பினா பாவம் உனக்குத்தான்" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள். அவனைப் போல இன்னும் பல பையன்கள் வந்தார்கள். ஒருவனும் இருமவில்லை.

வேலையிடத்தில் ஒரு பொருளை எடுத்து, இனி எவ்வளவு விற்கும் என்று கணித்து வரச் சொல்லியிருந்தார் வாத்தியார். விற்பனை வேகமாக ஏறுவது இந்த மருந்துதான் என்று இதையே எடுத்து, வரைபடம் போட்டாள். விற்றதற்கு முழுக் கோடு, விற்கப்போவதற்குப் புள்ளிக்கோடு. கோடை வெயிலில் இருமல் ஏன் கூடுகிறது என்ற கேள்வி அவளுக்கும் வந்தது. பக்கத்துப் போசரித் தொழிற்சாலைகளின் தூசு என்று காரணம் எழுதினாள். வாத்தியார் அதற்கும் மதிப்பெண் போட்டார். காகா என்று எல்லோரும் கூப்பிடும் கடை முதலாளி தாளைப் பார்த்து, "ஹுஷார் ஆஹேஸ்", கெட்டிக்காரிதான் நீ, என்று மராத்தியில் மெச்சி, வாங்கும் சரக்கை இரட்டிப்பாக்கினார். ஜூலையில் கோடு சொன்னபடியே விற்றது. அன்றைக்கு டைரியில் சந்தோஷம் என்று எழுதியிருந்தாள்.

இப்போது அந்தத் தாளைப் பிரித்தாள். புள்ளிக்கோடு மேலேறி, இடமில்லாமல் விளிம்பில் நின்றிருந்தது.

வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டது. 'சிறு' என்பதை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்:

'நாளை: கடை திறக்குமுன் ஆன்ட்டி வீட்டுக்குப் போக வேண்டும். அது என்ன மருந்து, கொடுத்தது யார், இரண்டையும் சொல்ல வேண்டும்.'