முதல் நோட்டில் இருந்த அளவு

தையல்காரர் கட்டிலில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மகள் சிறுமியாக இருந்தபோது படுத்த கட்டில் அது. அவள் வேலைக்காக வேறு ஊர் போய் ஆறு வருடமாகிறது. மேல்சட்டத்தில் கால் அங்குலத்துக்கு ஒரு ஆணி, கீழ்ச்சட்டத்தில் அதற்கு நேரே இன்னொன்று. கடையை மதியத்தோடு பூட்டிவிட்டு வந்து, கட்டிலைத் தறியாக்கும் இந்தக் கூத்து.

எல்லாம் ஒரு கம்பளிக் கோட்டால் வந்த வினை. யாரோ கைநீளம் குறைக்கக் கொடுத்திருந்தார்கள். வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தது. சும்மா இழுத்தார், வந்தது. இன்னொன்றை இழுத்தார், அதுவும் வந்தது. நீளவாக்கில் பாவு நூல். அதற்கு மேலும் கீழுமாகக் குறுக்கே ஓடும் ஊடை நூல். இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு. முப்பது வருடமாகத் துணியை வெட்டித் தள்ளியவர், அது எப்படித் துணியாகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று சாயங்காலம்வரை அந்தத் துண்டைப் பிரித்துக்கொண்டே இருந்தார். பேண்ட் வாங்க வந்த ஆள் நின்று பார்த்துவிட்டு நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அவர் மனைவி பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாத ரகம். அவர் வாங்கிவந்த சாம்பல் நிற நூலில் ஒரு துணுக்கை அடுப்பில் காட்டி, முடி கருகும் வாசனை வந்த பிறகுதான் கம்பளி என்று ஒப்புக்கொண்டாள். பிறகு அவளுக்கும் பித்துப் பிடித்தது. பழைய சி.டி. ஒன்றின் ஓட்டையில் பென்சிலைச் செருகி நூல் திரிக்கும் தக்களி செய்தாள். ஒரு பை ஆட்டுரோமம் வரவழைத்தாள். அதைச் சீவ இரண்டு நாய் பிரஷ் வாங்கப் போனபோது, என்ன நாய் என்று கடைக்காரர் கேட்டதற்கு ஆடு என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவள் திரித்த நூல் ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. எலி விழுங்கிய பாம்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அவர் தொடவே இல்லை.

என்ன நெய்கிறீர்கள் என்று அவள் கேட்டபோதெல்லாம் விரிப்பு என்று மழுப்பினார். உண்மையில் அவர் நெய்தது அவளுக்கு ஒரு கையில்லாத கோட்டு. ஊரில் பாதிப்பேருக்குக் கோட்டு தைத்தவரின் பெண்டாட்டி, கடையில் தொங்கும் ரெடிமேடைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் அவரை உறுத்தியது. குளிர் தொடங்குவதற்குள் அவள் தோளில் அது ஏறிவிட வேண்டும்.

அவளுடைய அளவு அவரிடம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவர் வாடிக்கையாளர். அவர் அளவு எழுதிய முதல் நோட்டின் மூன்றாம் பக்கத்தில் அவள் இருந்தாள். பொதுவாக அவருக்கு நோட்டும் வேண்டியதில்லை. தெருவில் போகிறவரைப் பார்த்தே மார்பு, தோள், இடுப்பு என்று சொல்லிவிடுவார். டேப் வைத்தாலும் ஒரு தடவைதான். இரண்டாம் தடவை வைப்பது தொழிலுக்கே அவமானம் என்பது அவர் கட்சி.

முதுகுக்கு ஒரு துண்டு, முன்பக்கத்துக்கு இரண்டு. நெய்து முடிக்க மூன்று மாதம். தண்ணீர் பட்டால் கம்பளி சுருங்கும் என்று ஒவ்வொன்றிலும் மூன்று விரல் கூடுதலாக விட்டிருந்தார். அலசிக் காயவைத்தபோது கணக்காக அந்த மூன்று விரல்தான் சுருங்கியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. தோளில் ஊசி குத்தி இணைத்து, மனைவியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டார்.

பக்கவாட்டில் சேரவில்லை. இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல்.

"யாரு அளவு இது?"

"உன்னோடதுதான்."

"எப்ப எடுத்தீங்க?"

அவள் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள். கோபம் இல்லை, ஆய்வகத்தில் எதையோ படிப்பது போன்ற முகம். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரோட்டுல போறவங்க அளவெல்லாம் சொல்லுவீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம்கூட இல்லை, பயம். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். மார்பு முப்பத்துநாலு என்றிருந்த இடத்தில் நாற்பது. இடது தோள் வலது தோளைவிட முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. வேறு யாருடைய தோளாக இருந்தாலும் வாசலில் வரும்போதே அவர் கண்டுபிடித்திருப்பார்.

"இது எப்பலேர்ந்து?"

"விழுந்தேனே, அப்பலேர்ந்து. ஏழெட்டு வருஷமாச்சு."

அவள் விழுந்தது ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே அவர்தான். தோள் இறங்கியதுதான் தெரியவில்லை.

சாம்பல் நூல் தீர்ந்துபோயிருந்தது. அதே சாயம் இனி வராது என்று நூல்கடையில் சொல்லிவிட்டார்கள். அவர் அலமாரியைத் திறந்து, அவள் திரித்து வைத்திருந்த பழுப்பு உருண்டைகளை எடுத்துவந்தார். பக்கத்துக்கு ஒரு பட்டை நெய்து அந்த இடைவெளியில் வைத்தால் சேர்ந்துவிடும். ஒரு இழையை விரலில் ஓட்டிப் பார்த்தார். தடித்த இடமெல்லாம் மெத்தென்று இருந்தது.

"பத்தாது. இன்னும் ரெண்டு உருண்டை வேணும்," என்றார்.

அவள் அந்தப் பாதிக் கோட்டோடேயே தக்களியை எடுத்து, ஜன்னலோரம் நின்று சுழற்றிவிட்டாள். அவர் புது நோட்டில் அளவுகளை எழுதினார். எழுதியதைப் பார்த்தார். எழுந்து வந்து மறுபடியும் டேப்பை அவள் தோளில் வைத்தார்.

"இப்பதானே எடுத்தீங்க?"

"நீ திரிச்சுக்கிட்டே இரு."

சி.டி. வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு சுழன்று கீழே இறங்கியது. நூல் நீள நீள, அதைப் பிடித்திருந்த கை மேலே போக, அவளுடைய இடது தோள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அவர் டேப்பின் நுனியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூடவே குதிகாலைத் தூக்கி எழும்பினார்.