ஒன்றரை அந்தர்

பரந்தன் சந்தியில், ஹமீட் நானாவின் நெல்லுக்கடை வாசலில், மூட்டை நிறுக்கும் தராசுப் பலகையில் கமலாசனி ஏறி நின்றதும், பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் தங்கள் கதையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும், அவளுக்கென்ன. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அதிலாவது கொஞ்சம் குறையாதா என்ற நப்பாசைதான். ஹமீட் நானா நெல்லு நிறுக்கிற அதே முகத்தோடு படிக்கல்லுகளை வைத்தார், எடுத்தார், பிறகு இன்னொரு சின்னக் கல்லைத் தேடிப் பிடித்து வைத்தார். பொங்கலுக்கு அடுத்த நாள் நிறுத்தபோது சரியாக ஒன்றரை அந்தர், அதாவது வாய் கட்டிய ஒரு பெரிய அரிசிச் சாக்கு. இன்றைக்கு அந்தச் சாக்குக்கு மேலே ஒரு பூசணிக்காயையும் தூக்கி வைத்த கணக்கு.

“தங்கச்சி, நெல்லாயிருந்தால் இப்ப நான் சந்தோசப்பட்டிருப்பன்” என்றார் நானா.

மெலிவதற்கென்றே கொழும்பில் விற்கிற பிஸ்கற்றை நாள் தவறாமல் தின்றவள் கமலாசனி. அந்தப் பிஸ்கற் அடைத்த தகரப் பேணியைப் பொங்கலுக்கு வந்த தம்பி தவராசா கொண்டுவந்து மேசையில் வைத்தான். லீனோலா என்று பெயர். பேணியில் ஒரு வெள்ளைக்காரி. இடுப்பைப் பார்த்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். தவராசாவுக்குப் பேசிமுடித்த பெண் அருந்ததியும் இதைத்தான் சாப்பிடுகிறாளாம். தகப்பன் வவுனியாவில் ஓவர்சியர் என்றாலும் அவள் கொழும்பில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். அங்கே பெண்கள் மெலிவதற்கென்று ஒரு சங்கமே இருக்கிறதாம். சந்தா கட்டிச் சேரவேண்டும்; கிழமைக்கு ஒருதரம் எல்லார் முன்னாலும் தராசில் ஏறவேண்டும்; குறைந்தவளுக்குக் கைதட்டுவார்களாம், கூடினவளைப் பார்த்து எல்லாரும் வாய்மூடி இருப்பார்களாம். கமலாசனிக்குச் சிரிப்பு வந்தது. நிறையைக் குறைக்கக் காசு கொடுக்கிற சனத்தை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. வன்னியில் ஒருத்தி மெலிந்துபோனால் ஆருக்கு என்ன நோய் வருத்தமென்றுதான் கேட்பார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கமுன்னம்தான் தம்பி நிலத்தைப் பார்த்தபடி விசயத்தைச் சொன்னான்.

“அக்கா, கோவியாதையுங்கோ. கலியாணத்திலை படமெல்லாம் எடுப்பினம். வைகாசிக்குள்ளை கொஞ்சம் மெலிஞ்சியளெண்டால் நீங்களே தோழியா நிக்கலாம். இல்லாட்டி விமலேஸ்வரியைக் கேப்பமெண்டு யோசிக்கிறன்.”

விமலேஸ்வரி சித்தப்பாவின் மகள், காற்றடித்தால் பறப்பாள். ஆனால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் உயிரோடு இருக்கையில் இன்னொருத்தி தோழியாக நிற்பதா? பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிவருகிறவளும், தாலி ஏறும்போது விளக்கோடு பின்னால் நிற்கிறவளும் தோழிதானே. தாய் கண்ணை மூடியபோது தவராசாவுக்குப் பல்லுக்கூட முளைக்கவில்லை. தகப்பனுக்கு இங்கே காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வண்டில் கட்டி வந்தபோது, ஆனையிறவு உப்புக்காற்று படாமல் அவனைத் தன் சேலைக்குள் பொத்திக்கொண்டு வந்தவள் இவள். அந்த இடுப்புத்தான் இன்றைக்குப் படத்துக்கு அகலமாய்ப் போய்விட்டது. அவன் போனபிறகு குசினிக்குள் போய் இருந்து விக்கி விக்கி அழுதாள். அழுது முடித்ததும் பேணியின் மூடியைத் திறந்தாள். தோழியாக நிற்கிறது நான்தான், அதற்கு இந்தச் சாக்குத்துண்டுப் பிஸ்கற்றைத் தின்னவேண்டுமென்றால் தின்கிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

அப்படித் தின்றும் பூசணிக்காய் கூடியிருக்கிறதே, இதென்ன கோதாரி? பேணியையும் கையோடுதான் கொண்டுவந்திருந்தாள். நானா கண்ணாடியைக் கொளுவிக்கொண்டு ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டி வாசித்தார். எப்படிச் சாப்பிடுகிறனீர் என்று கேட்டார். எப்படியென்ன, மருந்து சாப்பிடுகிறமாதிரித்தான்: மத்தியானம் சோறு தின்றபிறகு இரண்டு, இரவு புட்டுத் தின்றபிறகு இரண்டு, தொண்டைக்குள் இறங்காதபடியால் தேத்தண்ணியில் தோய்த்து.

“சோத்துக்குப் பிறகில்லை, தங்கச்சி. சோத்துக்குப் பதிலா” என்றார் நானா. அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். பஸ்ஸுக்கு நின்ற சனம் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது.

சரி, பதிலாகவே தின்போம் என்று தொடங்கினாள். அது மாசி மாதம், வயலெல்லாம் நெல் அரிவிவெட்டு. வெட்டுகிறவர்களுக்குப் பெரிய பானையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கி, அகப்பை அகப்பையாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, இவள் வரம்பில் இருந்து அந்த நான்கு பிஸ்கற்றைக் கொறித்தாள். மூன்றாம் நாளே ஆள் ஒருமாதிரியாகிவிட்டாள். எல்லாரிலும் எரிந்து விழுந்தாள். மாட்டைப் பேசினாள், கோழியைப் பேசினாள், வாயே திறக்காத புருசன் வீரகத்தியைப் பேசினாள். இரவில் கண்ணை மூடினால் சம்பல் மணக்கும். கிழமை முடிந்து தராசில் ஏறியபோது பூசணிக்காய் போய்விட்டது, அரிசிச் சாக்கிலும் ஒரு சுண்டளவு அரிசி இறங்கிவிட்டது உண்மைதான். ஆனால் நானா அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆருக்கும் சுகமில்லையோ என்று கேட்டார்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம், கதிர்க்கட்டொன்றைத் தலைக்குத் தூக்கினாள். எத்தனை வருசமாகத் தூக்குகிற கட்டு. காதுக்குள் ஒரு இரைச்சல், உள்ளங்கை குளிர்ந்து வேர்த்தது, கண்ணுக்கு முன்னால் வயல் மஞ்சளாகிப் பிறகு வெள்ளையாகி, பிறகு ஒன்றுமில்லை. கண் திறந்தபோது வரம்போரம் கிடந்தாள். பக்கத்தில் வீரகத்தி தன் சால்வையை விரித்து அவள் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். பாக்குமரம்போல மனுசன், தூக்கிப் பார்த்திருக்கிறான், முடியவில்லை. கூப்பிட்ட ஆட்கள் தூரத்தில் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

“என்னாலை உம்மைத் தூக்கேலாதெண்டது கிடக்கட்டும்” என்றான் அவன். “நீர் விழுந்தால் இந்த வீட்டைத் தூக்கிறது ஆர்?”

கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவன் சொன்ன அன்பான வார்த்தை அதுதான். கமலாசனி எழும்பினாள். நேரே பானையடிக்குப் போய், அகப்பையால் மூன்றுதரம் அள்ளிப் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, வேர்க்க வேர்க்கத் தின்றாள். தின்று முடித்தபோது வயல் திரும்பவும் பச்சையும் பொன்னுமாகத் தன் நிறத்துக்கு வந்திருந்தது. மிச்சப் பிஸ்கற்றைக் கோழிக்குக் கொட்டினாள். கோழி ஒருதரம் கொத்திவிட்டு அப்பால் போய்விட்டது. பேணி மட்டும் நல்ல பேணி, இறுக்கமான மூடி. எறிய மனம் வரவில்லை.

வைகாசியில் கலியாணம், வவுனியாவில் பெண்வீட்டில். முதல்நாளே பயறு வறுத்து, தோல் நீக்கி, மாவாக்கி, சீனிப்பாகு விட்டுப் பயத்தம் உருண்டை பிடித்தாள் கமலாசனி. புதுப்பெண்ணுக்கு வெறுங்கையோடு போகலாமா? உருண்டைகளை அந்த லீனோலா பேணிக்குள் அடுக்கி மூடினாள். தன்னுடைய கலியாணத்துக் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு, விடியற்காலை றெயிலில் புருசனோடு ஏறினாள். மெலியவில்லை என்று தம்பிக்கு அவள் சொல்லியனுப்பவுமில்லை, அவன் கேட்டனுப்பவுமில்லை.

பந்தல் வாசலில் நிறைகுடம் வைத்து, மாவிலை செருகி, குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே மணவறைக்குப் பக்கத்தில் கூறைத்தட்டோடு விமலேஸ்வரி நின்றாள். பாவம், அவளுக்கும் சங்கடந்தான். பெரியக்காவைக் கண்டதும் தட்டை எந்தக் கைக்கு மாற்றுகிறதென்று தெரியாமல் முழித்தாள். கமலாசனி பேணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தத் தட்டை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். தட்டோடு நேரே மணவறையில் இருந்த தம்பிக்கு முன்னால் போய் நின்றாள். ஐயர் மந்திரத்தை ஒருகணம் நிறுத்திவிட்டார்.

“தம்பி, என்ரை நிறையிலை எனக்கொரு குறையுமில்லை” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. “உனக்கு இருந்தால் இப்ப சொல்லு. தட்டைக் குடுத்திட்டுப் பந்தியிலை போய் இருக்கிறன்.”

தவராசா தலை நிமிர்ந்தான். ஆனையிறவில் சேலைக்குள் பொத்திவந்த பிள்ளையின் முகம்தான், மீசை மட்டும் புதிது. அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். அவளுக்கு அதுவே காணும், மேலே ஒன்றும் வேண்டாம்.

கூறையைப் பெண்ணின் கையில் கொடுத்ததும், மாற்றிக் கட்டிவர அருந்ததியைத் தோழியாக அவளே அறைக்குள் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தியபிறகுதான் கமலாசனி அந்தப் பெண்ணை வடிவாகப் பார்த்தாள். பவுடருக்குக் கீழே முகம் சுண்ணாம்பு. கழுத்தெலும்பில் ஆரம் தொங்கியது. கூறைச் சட்டையைப் போட்டு, கொக்கியை இழுத்து இழுத்து மாட்டவேண்டியிருந்தது; கொழும்புச் சங்கத்தில் இன்ன மாதத்துக்குள் இன்ன அளவு இடுப்பு வருமென்று சொன்னார்களாம், அந்த இடுப்புக்கு முதலே தைப்பித்துவிட்டார்களாம். சேலையைச் சுற்றக் கையைத் தூக்கச் சொன்னபோது பிள்ளையின் உள்ளங்கை தட்டுப்பட்டது. குளிர்ந்து வேர்த்திருந்தது.

கமலாசனிக்கு அந்த வேர்வை தெரியும். “காது இரையுதோ?” என்று கேட்டாள். அருந்ததி ஓமென்று தலையாட்டினாள், ஆட்டின தலையோடு அப்படியே சரிந்தாள். நிலத்தில் விழவிடாமல், கதிர்க்கட்டை ஏந்துகிறமாதிரி ஏந்திக் கட்டிலில் இருத்தினாள் கமலாசனி. தண்ணீர் தெளித்தாள். கண் திறந்த பெண் முதலில் கண்டது, கட்டிலில் கிடந்த பேணியையும் அதிலிருந்த வெள்ளைக்காரியையும். கண்ணீர் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது.

“மச்சாள், இனி ஏலாது. அதைத் தராதையுங்கோ.”

கமலாசனி மூடியைத் திறந்து காட்டினாள். வறுத்த பயற்றின் மணம் அறையெல்லாம் பரந்தது. அருந்ததி பேணிக்குள் பார்த்தாள், மச்சாளைப் பார்த்தாள், திரும்பப் பேணிக்குள் பார்த்தாள்.

“தாலிக்கு முந்தி விரதமெல்லோ?”

“எப்ப தொடக்கம் பிள்ளை இந்த விரதம்?”

“போன ஆவணியிலையிருந்து.”

“அப்ப சாமிக்குக் காணும். நீ சாப்பிடு.”

முதல் உருண்டையைக் கமலாசனி ஊட்டினாள். இரண்டாவதை அருந்ததியே எடுத்தாள். மூன்றாவதுக்குப் பிறகு ஆரும் எண்ணவில்லை. வெளியே மேளம் உரத்தது. பொம்பிளையைக் கூட்டிவாங்கோ, முகூர்த்தம் போகுது என்று ஐயர் சத்தம் வைத்தார். கதவைப் பெரியம்மாக்காரி தட்டினாள். தட்டட்டும். சட்டைக் கொக்கி மூச்சை அடைத்ததால், கமலாசனி குனிந்து பக்கத் தையலைப் பல்லால் கடித்து ஒரு சாண் பிரித்துவிட்டாள். சேலையால் மூடினால் ஆருக்குத் தெரியும்? அந்தப் பெண் கலியாணம் பேசினநாள் தொடங்கி இன்றைக்குத்தான் வயிறு முட்ட மூச்சு விட்டிருப்பாள். சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு, வாய்நிறையப் பயத்தமாவோடு.

கால் இன்னும் தடுமாறியது. கமலாசனி ஒரு கையால் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, மறுகையில் மூடாத பேணியோடு கூட்டிவந்தாள்; பெண்ணின் பாதம் நிலத்தில் பட்டும் படாமலும் வந்தது. பொம்பிளை மிதந்து வாறமாதிரி என்னமாய் நடக்கிறாள் என்று பந்தலில் இருந்தவர்கள் புகழ்ந்தார்கள். பெரியம்மாக்காரி அதைக் கொழும்புச் சங்கத்தின் கெட்டித்தனமென்று பக்கத்தில் இருந்தவளுக்கு விளங்கப்படுத்தினாள்.

தாலி எடுக்கிற நேரம், கமலாசனி பேணியைக் கூறைத்தட்டடியில் வைத்துவிட்டு, விளக்கோடு பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். அருந்ததி மெல்லச் சாய்ந்து முதுகை அவள்மேல் கொடுத்தாள். சுவரில் சாய்ந்தமாதிரி இருந்திருக்கும். படம் எடுக்கிறவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, விளக்கோடு நிற்கிற அம்மா கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும், படத்துக்குள் அடங்கவில்லை என்றார். கமலாசனிக்குக் காது சுட்டது. அவள் ஒரு அடி எடுத்து வைக்கமுன்னம் அருந்ததியின் கை பின்னால் வந்து அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

தாலிக்கொடியைக் கையில் வைத்திருந்த தவராசா படக்காரரைப் பார்த்தான்.

“அக்கா அதிலைதான் நிப்பா” என்றான், பந்தல் முழுக்கக் கேட்க. “நீங்கள் பின்னுக்குப் போங்கோ.”

படக்காரர் மூன்றுகால் தாங்கியைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார். சனம் விலகி வழிவிட்டது. இன்னும் போனார். கடைசியில் பந்தல் வாசலில் நிறைகுடத்தடியில் கால் முட்டி நின்றார். அங்கிருந்துதான் எல்லாரும் அடங்கினார்கள்.

அந்தப் படத்தின் ஒரு பிரதி பரந்தன் சந்தியில், ஹமீட் நானாவின் தராசுக்கு மேலே தொங்கியது. மாப்பிள்ளை தாலியோடு குனிந்திருப்பார். நடுவில் விளக்கின் வெளிச்சத்தில் கமலாசனி, படத்தில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. அவளில் சாய்ந்த பெண்ணின் ஒரு கன்னம் மட்டும் உப்பியிருக்கும். கீழே கூறைத்தட்டின் ஓரத்தில் மூடியில்லாத ஒரு பேணி கவிழ்ந்து கிடக்கும், அதில் ஒரு மெல்லிய வெள்ளைக்காரி தலைகீழாக நிற்பாள்.