இருபத்தெட்டுக் குதிரைகள்

ஜாய்சனின் ஒர்க்‌ஷாப்பில் எங்கள் ஜீப்பின் நான்கு சக்கரங்களும் உருளைகளின் மேல் சுழன்றுகொண்டிருந்தன. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சத்தம் மட்டும் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரை கேட்டிருக்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு, அண்ணன் செய்த மோசடிக்கு எழுத்தில் ஒரு சாட்சி வரட்டும் என்று காத்திருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கேசவன் அண்ணன் தன் ஜீப்பை எங்களுக்கு விற்றான். நூற்று நாற்பது குதிரைத்திறன் என்று கம்பெனி புத்தகத்திலேயே போட்டிருந்தது. போன ஞாயிறு ஒரு கார் கண்காட்சியில், சக்கரத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து சீட்டுக் கொடுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு. நான் கணக்கு டீச்சர், கழித்துப் பார்க்கப் பேப்பர் வேண்டாம். அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டு, மீதி இருபத்தெட்டுக் குதிரையை எந்த லாயத்தில் கட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அதோடு விட்டேனா? கூடப் பிறந்தவளையே ஏமாற்றுகிறவன் மடியில் என் குழந்தை உட்கார வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு என் மகள் ஓவியாவுக்குக் காது குத்து. எங்கள் வீட்டில் தாய்மாமன் மடியில் உட்காராமல் யாருக்கும் காது குத்தியதில்லை. அண்ணன் அன்று "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். மூன்று நாளாகப் போன் இல்லை. அவன் இருக்கும் சிட்லபாக்கம் என்ன சீமையிலா இருக்கிறது, வந்து சண்டையாவது போடலாமே. கோபம் ஆற ஆற நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ஜாய்சன் இன்ஜினை அணைத்துவிட்டு வந்தார். "நூத்திப் பன்னெண்டு தான்க்கா. சூப்பரா கீது வண்டி."

"இருபத்தெட்டு குறையுதே?"

"புக்குல போடுறது இன்ஜின்ல அளந்தது. இது சக்கரத்துல அளந்தது." தரையில் சாக்பீஸால் ஒரு வண்டி வரைந்தார். "சின்ன கார்ல இன்ஜின், கியர்பாக்ஸ், ஓட்டுற சக்கரம் எல்லாம் முன்னாடியே கீது. வழி கம்மி, லாஸும் கம்மி. உங்களுது நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. பின்னாடி வரைக்கும் நீள ராடு, அங்க பவர் திரும்பி சக்கரத்துக்குப் போவணும். முன்சக்கரத்துக்குத் தனியா இன்னொரு ராடு. சுத்துற ஒவ்வொண்ணும் கொஞ்சம் எடுத்துக்கும்."

மேசையிலிருந்து இரண்டு சீட்டு எடுத்துக் காட்டினார். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் ஒரு கார், புத்தகத்தில் நூறு, சக்கரத்தில் எண்பத்தெட்டு. எங்கள் ஜீப்பைப் போலவே இன்னொன்று, நூற்று நாற்பதுக்கு நூற்றுப் பத்து. எங்களுடையதைவிட இரண்டு குறைவு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இந்த வண்டியில் வழிநெடுகப் பூசாரிகள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அண்ணன் திருடன் இல்லை. அது போதும், நான் முட்டாளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

வாசலுக்கு வந்து போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"கீதா, வண்டிய நானே திருப்பி எடுத்துக்கறேன். எனக்கு சத்தியமாத் தெரியாது. ஓவியாவுக்குக் கம்மல் வாங்கி வெச்சிகீறேன், அதையாவது வாங்கிக்கோ."

"அண்ணா, வண்டி நல்லா கீது. நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் பெரிதாக ஒரு மூச்சு கேட்டது.

"மன்னிச்சிக்கோண்ணா. ஞாயித்துக்கிழமை நீ வரணும்."

"அதெல்லாம் வரேன். மொதல்ல ஒண்ணு பண்ணு. உங்க அண்ணி மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீறா, கூடப் பொறந்தவ தலையிலேயே ஓட்ட வண்டியக் கட்டிட்டியான்னு. இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். இப்ப சொன்னத இன்னொரு தபா சொல்லு."

போனில் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.