முதலாளிக்காகப் பேசப் போனவர்

ஓட்டுநர் பதினாறு வருடங்களாக ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தார். கார் கொட்டகைக்கு மேலிருந்த இரண்டு அறைகள்தான் வீடு. முதலாளி கொடுத்தது. மனைவி அரசு மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவில் நர்ஸ்.

பெரும் பணக்காரர்களின் சொத்துக்குக் கூடுதல் வரி போடும் மசோதா அப்போது சட்டசபைக்கு வந்திருந்தது. அதை ஆராயும் குழு பொதுமக்களையும் கேட்கப்போவதாக அறிவித்ததும், நர்ஸ்கள் சங்கம் மனைவியின் பெயரைக் கொடுத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, பின் சீட்டிலிருந்து முதலாளி ஒரு தாளை நீட்டினார்.

"நீயும் அந்தக் குழு முன்னாடி பேசணும்ப்பா. எல்லாம் எழுதியிருக்கு, அப்படியே படிச்சா போதும்."

வரி ஏறினால் முதலாளிகள் தொழிலை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தன்னைப் போன்றவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்று தாளில் இருந்தது.

"என் வீட்டுக்காரி எதிர்ப்பக்கமா பேசப்போறாய்யா..."

"தெரியும். பேசட்டுமே. ஒரே வீட்டுல ரெண்டு கருத்து இருக்கக் கூடாதா?"

சிரித்தார். அதில் கோபமே இல்லை. அதுதான் ஓட்டுநரைப் பயமுறுத்தியது.

வீட்டில் மனைவியிடம் கெஞ்சிப் பார்த்தார். "நீ போகாம இருந்துடேன்."

"மூச்சு மெஷின் ஒண்ணு, காத்துக்கிட்டிருக்கிற குழந்தைங்க மூணு. யாருக்கு மாட்டுறதுன்னு நான்தாங்க தினமும் பார்க்குறேன். எப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கிறது?" பிறகு அவளே, "நீங்க படிங்க. பொண்ணுக்குப் பரீட்சை முடியிற வரைக்குமாவது கூரை வேணும்ல" என்றாள்.

குழுவின் முன் அந்த மூன்று குழந்தைகளைப் பற்றித்தான் பேசினாள். "என் சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரி பிடிச்சுடுறீங்க. அவங்க சொத்து வருஷா வருஷம் உப்பிக்கிட்டே போகுது, விக்காத வரைக்கும் வரியே இல்லங்கிறீங்க. இது என்ன நியாயம்?"

அடுத்து ஓட்டுநர். தாளை ஒரே மூச்சில் படித்து முடித்தார். மூன்றாவது வரிசையில் முதலாளி தலையாட்டினார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பார்வை அவரை உறுத்தக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

"இது உங்க கருத்துதானா?" என்று குழுவின் தலைவி கேட்டார்.

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஓட்டுநர் தாளை மடித்தார்.

"படிச்சது நான்தாம்மா. எழுதினது நான் இல்ல."

"அப்போ நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"வரி பிடிக்கலன்னு என்னால ஊரைவிட்டுப் போக முடியாதும்மா. ஐயா போவாரு. ஆனா அவரு லாரிங்க ஓடுற ரோடு, எங்க வரியிலயும் போட்டதுதானே? அதைச் சுருட்டிக்கிட்டா போவாரு?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஓட்டுநருக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதலாளியை அவர்தான் திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது. இறங்கும்போது, "நாளைக்கு ஏழு மணிக்கு வண்டி" என்றார் முதலாளி. அவ்வளவுதான். திட்டவுமில்லை, வேலையைவிட்டு அனுப்பவுமில்லை.

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் குழு மசோதாவை ஆதரித்தது. அடுத்த கூட்டத்தொடரில் சபை முடிவு செய்யுமாம்.

முதலாளி காலி செய்யச் சொல்வதற்கு முன்பே, புருஷனும் பெண்டாட்டியும் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். ஐந்து வீடு பார்த்தாயிற்று, ஒன்றும் அமையவில்லை. எங்கே வேலை என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். சொன்னதும் முகம் மலர்கிறது.

"அடடே, அவர்கிட்டயா? ஒண்ணும் பிரச்சினை இல்ல. அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."